அழையாமல் வரும் எண்ணங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் மனநலம் பற்றி அரை மணி நேரம் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அது பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாம் கூப்பிடாமலேயே மனத்துக்குள் வந்து நின்று, நம்மையே திடுக்கிட வைக்கும் எண்ணங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தேர்வு பயம், கைப்பேசிப் பழக்கம், கவனச் சிதறல் ஆகியவற்றைப் பற்றி மாணவர்களும் நம்மிடம் பேசுகிறார்கள், பெற்றோரும் பேசுகிறார்கள். இந்த எண்ணங்களைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, தன்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களே இப்படி என்றால், பத்து வயதுக் குழந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். பி.எட். படிப்பில் படித்த கல்வி உளவியலும், அதற்குப் பிறகு வகுப்பறைத் தேவைக்காக நானாகத் தேடிப் படித்ததும், பள்ளிக்கு வந்த ஆலோசகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் என் கைமுதல்.

எவை இந்த எண்ணங்கள்?

சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். யாரையும் கை தூக்கச் சொல்ல மாட்டேன்; மனத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டம். பள்ளி முழுவதும் அமைதியாக நிற்கிறது. "இப்போது நான் திடீரென்று கத்திவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு நினைப்பு. மாடி வராந்தாவில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி நிற்கிறோம். "இதைக் கீழே எறிந்துவிட்டால்?" ரயில் நிலையத்தில் வண்டி உள்ளே வருகிறது. முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரைத் தள்ளிவிடுவது போல ஒரு காட்சி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கும் தாய்க்கு, "கையை விட்டுவிட்டால்?" என்று ஒரு மின்னல். சாமி கும்பிடும் நேரத்தில், தொழுகையில், ஜெபத்தில், கடவுளைப் பற்றியே ஒரு கெட்ட வார்த்தை. மிகவும் மதிப்புக்குரிய ஒருவரைப் பார்க்கும்போது வெளியே சொல்லக் கூசும் ஒரு காட்சி.

இவற்றுக்கெல்லாம் பொதுவான அடையாளங்கள் மூன்று. முதலாவது, நாம் உட்கார்ந்து யோசித்து வரவழைத்தவை இல்லை, தாமாக வருகின்றன. இரண்டாவது, நம் விருப்பத்துக்கும் குணத்துக்கும் நேர் எதிராக இருக்கின்றன. மூன்றாவது, வந்தவுடன் பயமோ வெட்கமோ குற்ற உணர்வோ தருகின்றன. உளவியலில் இவற்றை ஊடுருவும் எண்ணங்கள் என்கிறார்கள். நம் பேச்சு வழக்கில் சொன்னால், இவை அழையா விருந்தாளிகள்.

ஒரு வேறுபாட்டை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். "அவனை அடிக்காமல் விடமாட்டேன்" என்று கறுவிக்கொண்டு, எங்கே எப்போது அடிப்பது என்று ஒரு மாணவன் திட்டமிட்டால் அது வேறு. அந்த நினைப்பை அவன் விரும்பி வளர்க்கிறான். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நான் பேசுவது, வந்த நினைப்பைக் கண்டு நினைத்தவனே நடுங்கும் நிலையைப் பற்றி.

எத்தனை பேருக்கு வருகிறது?

1978-இல் லண்டனில் ஸ்டான்லி ரக்மன், பத்மல் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டி சில்வா இலங்கையில் பிறந்தவர். மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், "உங்கள் விருப்பத்துக்கு மாறான, ஏற்றுக்கொள்ள முடியாத எண்ணங்கள் வருவதுண்டா?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். சாதாரண மனிதர்களின் எண்ணங்களையும் சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணங்களையும் கலந்து, அனுபவமுள்ள நிபுணர்களிடம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். நிபுணர்களால் எல்லாவற்றையும் சரியாகப் பிரிக்க முடியவில்லை. எண்ணத்தின் உள்ளடக்கம் அந்த அளவுக்கு ஒன்றுபோல் இருந்தது.

2014-இல் வெளியான இன்னொரு ஆய்வு 13 நாடுகளில் 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்டது. கனடா, ஈரான், துருக்கி, சியரா லியோன், அர்ஜென்டினா என்று மொழியும் மதமும் உணவும் வேறுபட்ட நாடுகள். கடந்த மூன்று மாதங்களில் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர்.

நம் ஆசிரியர் ஓய்வறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், ஒன்பது பேருக்காவது இந்த அனுபவம் இருக்கலாம். ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருப்போம்.

ஏன் வருகின்றன?

மனம் எந்நேரமும் எண்ணங்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. கணக்குப் போடும்போது மதியச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. சாப்பிடும்போது பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பேச்சு நினைவுக்கு வருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் கவனிப்பதே இல்லை. வரும் எண்ணங்களில் சில அர்த்தமற்றவையாக, விபரீதமாக இருப்பதும் இயல்புதான். புதிய வழி கண்டுபிடிப்பதும், கதை எழுதுவதும், "இப்படிச் செய்தால் என்ன?" என்று சோதனைக்கூடத்தில் கேட்பதும் இதே கற்பனைத் திறனால்தான். அதே திறன் சில நேரம் வேண்டாத பக்கமும் எட்டிப் பார்க்கிறது.

இன்னொரு காரணம் நம் எச்சரிக்கை உணர்வு. 2012-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 431 கல்லூரி மாணவர்களிடம், உயரமான இடத்தில் நிற்கும்போது குதித்துவிடத் தோன்றியதுண்டா என்று கேட்டார்கள். வாழ்நாளில் ஒருபோதும் தற்கொலை எண்ணமே இல்லாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த உந்துதலை உணர்ந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: விளிம்புக்கு அருகில் போனவுடன் உயிர் காக்கும் எச்சரிக்கை உணர்வு நம்மைச் சட்டென்று பின்னால் இழுக்கிறது. ஒரு நொடி கழித்து, "யாரும் தள்ளவில்லையே, நான் ஏன் பின்வாங்கினேன்? ஒருவேளை குதிக்க நினைத்தேனோ?" என்று மனம் தப்பாகப் பொருள் கொள்கிறது. வாழ வேண்டும் என்ற ஆசையே சாக நினைத்ததாகத் தோன்றிவிடுகிறது.

இதிலிருந்து நமக்கு ஒன்று புரிகிறது. எதை நாம் மிகவும் போற்றுகிறோமோ அதைச் சுற்றியே இந்த எண்ணங்கள் வலுவாக ஒட்டிக்கொள்கின்றன. பக்தி உள்ளவருக்குத் தெய்வ நிந்தனை வந்து வதைக்கிறது. குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவருக்குக் குழந்தைக்கு ஆபத்து வரும் காட்சி வருகிறது. சுத்தத்தில் கவனமுள்ளவருக்கு அழுக்கு. அக்கறை இல்லாத விஷயத்தில் இப்படி ஓர் எண்ணம் வந்தாலும், அது வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது.

வந்தது ஏன் போகமாட்டேன் என்கிறது?

எல்லோருக்கும் வருகிறது என்றால், சிலருக்கு மட்டும் அது ஏன் நாள் முழுக்க நிற்கிறது? நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையிலேயே விடை இருக்கிறது. வைத்தியர் மருந்தைக் கொடுத்துவிட்டு, "குரங்கை மட்டும் நினைக்காமல் சாப்பிடுங்கள், பலிக்கும்" என்றாராம். அன்றுவரை குரங்கை நினைத்தே பார்க்காத மனிதருக்கு, மருந்துக் கிண்ணத்தைத் தொட்டாலே குரங்குதான் வந்தது.

1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதையே சோதனையாகச் செய்து காட்டினார்கள். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "இப்போது கரடியை நினைக்கலாம்" என்று சொன்னதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட, அடக்கி வைத்தவர்களுக்கு அது அதிகமாக வந்தது. ஓர் எண்ணம் வந்துவிட்டதா என்று காவல் காக்க வேண்டுமானால், அந்த எண்ணத்தையே கையில் வைத்துக்கொண்டுதான் காவல் காக்க முடியும். அடக்க முயல்வது தோற்பதற்கு இதுவே காரணம்.

அடக்குவதோடு இன்னொன்றும் சேர்கிறது. அதுதான் நாம் அந்த எண்ணத்துக்குக் கொடுக்கும் பொருள். பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1985-இல் இதை விளக்கினார். எண்ணம் வருவது பிரச்சினை இல்லை. "இது வந்துவிட்டது, இனி ஏதாவது கெட்டது நடந்தால் நான்தான் பொறுப்பு" என்று எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினையை வளர்க்கிறது. ரக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதில் இரண்டு வகை மயக்கத்தைக் கண்டார்கள். ஒன்று, "நினைத்தால் நடந்துவிடும்" என்ற பயம். "அம்மாவுக்கு விபத்து என்று நினைத்துவிட்டேன், நடந்துவிடுமோ?" மற்றொன்று, "நினைத்ததும் செய்ததும் ஒன்றுதான்" என்ற குற்ற உணர்வு.

இந்த இரண்டில் ஒன்று பிடித்துக்கொண்டால், அடுத்தது பரிகாரம். அந்தக் கெட்ட நினைப்பை ரத்து செய்ய ஒரு நல்ல வார்த்தையை ஏழு முறை சொல்வது, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, "ஒன்றும் ஆகாதில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது, கத்தி இருக்கும் பக்கமே போகாமல் இருப்பது. செய்தவுடன் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி சில நிமிடந்தான். "அதைச் செய்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வேகமாக வருகிறது. வலுவூட்டல் பற்றி நாம் பி.எட்.டில் படித்த அதே பாடம்தான் இது.

நம் நீதிபோதனை வகுப்பு

இந்த இடத்தில் நம் பங்கு வருகிறது. நாம் ஒழுக்கம் கற்பிப்பவர்கள். "நல்லதையே நினை" என்று சொல்வது நம் கடமை. அதில் தவறில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே பயந்து போயிருக்கும் குழந்தையின் காதில் எப்படி விழுகிறது என்பதை மட்டும் யோசிக்க வேண்டும். "கெட்டதை நினைப்பதே பாவம்" என்று பொதுவாகச் சொல்லும்போது, நாற்பது பேர் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு குழந்தை அதை வீட்டுக்கு எடுத்துப் போய், இரவெல்லாம் தன் மனத்தைச் சோதித்துக்கொண்டு படுத்திருக்கிறது.

ஆகவே நீதிபோதனை வகுப்பில் மூன்று படிகளைப் பிரித்துச் சொல்லலாம். ஒரு நினைப்பு வருவது முதல் படி. அதைப் பிடித்து வைத்து, ஆசைப்பட்டு வளர்ப்பது இரண்டாம் படி. செய்வது மூன்றாம் படி. நம் பொறுப்பு இரண்டாம் படியில்தான் தொடங்குகிறது. முதல் படிக்கு யாருக்கும் தண்டனை இல்லை. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: "நம்ம வீட்டு வாசல் வழியா எத்தனையோ வண்டி போகுது. எல்லா வண்டியையும் நிறுத்தி வீட்டுக்குள்ள கூப்பிடுறோமா? சில வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே போகும். திரும்பிப் பார்ப்போம். அது பாட்டுக்குப் போயிடும்."

குரங்குக் கதையை விளையாட்டாகவும் நடத்தலாம். ஒரு நிமிடம் குரங்கை நினைக்காமல் இருக்க வேண்டும், நினைத்தால் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும் என்று சொல்லுங்கள். வகுப்பே சிரித்துவிடும். பிறகு, "சண்டை போட்டால் குரங்கு போகவில்லை. அது இருந்தால் இருக்கட்டும் என்று கணக்கைப் போட்டால்?" என்று கேட்டு, இரண்டு கணக்கு கொடுங்கள். அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: "உங்களுக்கு வந்த கெட்ட நினைப்பை எழுதுங்கள், சொல்லுங்கள்" என்று வகுப்பில் கேட்கவே கூடாது. அது தனியாக, விரும்பினால் மட்டும், நம்பிக்கை உள்ளவரிடம் சொல்லக்கூடிய செய்தி.

வகுப்பறையில் எப்படித் தெரியும்?

குழந்தைகள் நேராக வந்து சொல்வதில்லை. நடத்தையில் தெரியும். எழுதியதைத் தாள் கிழியும் வரை அழித்து அழித்து எழுதும் குழந்தை. விடை தெரிந்தும் தேர்வை முடிக்க முடியாமல், முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும் குழந்தை. கைகழுவப் போனால் திரும்பி வராத குழந்தை. கை வறண்டு வெடித்திருக்கும். "சார், நான் உங்களத் திட்டினேனா?" என்று காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்கும் குழந்தை. சில சொற்களை வாசிக்க மறுக்கும் குழந்தை. இவற்றை நாம் சோம்பல், அடம், கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட வாய்ப்பு அதிகம். இவை எல்லாமே இந்தப் பிரச்சினைதான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. "என்னம்மா, ஏதாவது பயமா இருக்கா?" என்று தனியாக ஒரு முறை கேட்பதற்கான காரணங்கள் இவை, அவ்வளவே.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிப்பவள். சில வாரங்களாக ஜியோமெட்ரி பாக்ஸைத் திறப்பதில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள். பை முழுக்கப் பார்த்தால் பாக்ஸ் உள்ளேதான் இருக்கும். ஒரு நாள் உணவு இடைவேளையில் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"டீச்சர், காம்பஸைப் பார்த்தா பக்கத்துல இருக்கறவளக் குத்திருவேனோன்னு தோணுது. வீட்டுல தம்பிப் பாப்பாவத் தூக்குனா கீழ போட்டுருவேனோன்னு தோணுது. இப்பல்லாம் தூக்குறதே இல்ல. நான் கெட்ட பொண்ணா டீச்சர்?"

"அப்படித் தோணுனா ஒனக்கு ஆசையா இருக்கா, பயமா இருக்கா?"

"பயமா இருக்கு டீச்சர். அழுகையா வருது."

"இந்த மாதிரி திடீர்னு ஒரு நெனப்பு வர்றது நெறயப் பேருக்கு உண்டும்மா. எனக்கும் வந்திருக்கு. நெனப்பு வர்றது வேற, செய்ய ஆசைப்படறது வேற. நீ எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது."

அவள் முகம் தெளிந்தது. மறுநாள் காலையில் வந்து, "நான் குத்த மாட்டேன்ல டீச்சர்?" என்றாள். அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. பள்ளிக்கு வந்த ஆலோசகரிடம் கேட்டபோது, அவர் விளக்கினார். முதல் முறை நாம் சொல்வது தகவல். பத்தாவது முறை அதையே சொன்னால் அது பரிகாரம். கைகழுவுவது போல அதுவும் ஒரு சடங்காகிவிடும். அதனால் அடுத்த முறை கேட்டபோது, "இதுக்கு நாம ஏற்கெனவே பேசிட்டோம்மா. அந்தச் சந்தேகம் திரும்ப வந்திருக்கு, இல்ல? வந்தா இருக்கட்டும். வா, சோதனைக்கு வேணும்கறதை எடுத்து வைக்கலாம்" என்று சொல்லி வேலையில் சேர்த்துக்கொண்டேன். கண்டிப்பு இல்லாமல், கேலி இல்லாமல், ஆனால் பதிலைத் திரும்பச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது. இது பழகினால் வரும்.

அவளுடைய அம்மாவை அழைத்துப் பேசினோம். அவர் முதலில் கேட்டது, "யாராச்சும் செய்வினை வச்சிருப்பாங்களா மிஸ்?" என்பதுதான். "கோயிலுக்குப் போறது உங்க விருப்பங்க. அதோட டாக்டரையும் பார்த்துடுவோம்" என்றோம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கியது. சில மாதங்கள் ஆயின. எண்ணம் அடியோடு நின்றுவிடவில்லை. வந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். தம்பியைத் தூக்குகிறாள், வட்டமும் வரைகிறாள்.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

எண்ணமும் பரிகாரமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, படிப்பு, தூக்கம், சாப்பாடு, நட்பு இவற்றைக் கெடுத்தாலோ, அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். ஓசிடி என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். "எனக்கு ஓசிடி, மேசை சுத்தமாக இருக்கணும்" என்று வேடிக்கையாகச் சொல்கிறோம். உண்மையில் அது வேதனையான நோய். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள். பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதாவது, மற்ற யாரையும்விட முதலில் பார்க்கும் வாய்ப்பு நமக்குத்தான்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பயப்படும் பொருளையோ சூழலையோ பயிற்சி பெற்ற நிபுணரின் துணையுடன் படிப்படியாகச் சந்தித்து, பரிகாரத்தைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறை 1960களில் தொடங்கி வளர்ந்தது. தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். இதை நாம் வகுப்பில் செய்து பார்க்கக் கூடாது. "பயம் தெளியட்டும்" என்று கத்தியைக் கையில் கொடுப்பதெல்லாம் நம் வேலை இல்லை. நம் வேலை கேட்பது, திகைக்காமல் இருப்பது, சரியான இடத்துக்கு வழிகாட்டுவது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாமாக எதையும் தீர்மானிக்கக் கூடாது. "சாகணும்போல இருக்கு" என்று ஒரு குழந்தை சொன்னால், அது அழையாமல் வந்த எண்ணமா, உண்மையான விருப்பமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக விடாதீர்கள். அன்றே தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். காதில் குரல் கேட்கிறது, அது கட்டளையிடுகிறது என்று சொன்னாலும் அப்படியே. யாராவது அந்தக் குழந்தையைத் துன்புறுத்தியிருக்கலாம் என்று தோன்றினால் 1098 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

இங்கே மகப்பேறு விடுப்பு முடிந்து வந்திருக்கும் ஆசிரியைகள் இருக்கலாம். கனடாவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை பெற்ற தாய்மார்கள் எல்லோருக்குமே குழந்தைக்கு ஏதாவது விபத்து நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் வந்திருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு, தாங்களே குழந்தைக்குத் தீங்கு செய்வது போன்ற வேண்டாத எண்ணமும் வந்திருந்தது. இதைச் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, எத்தனை தாய்மார்கள் தனியாக அழுதிருப்பார்கள்! வந்ததைக் கண்டு நீங்கள் பதறுகிறீர்கள் என்பதே உங்கள் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. பதற்றம் தொடர்ந்தாலும், தூக்கமே இல்லாமல் போனாலும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆண் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். நம் மனத்தோடு நாம் சமாதானமாக இருந்தால்தான், மாணவர் ஒருவர் வந்து சொல்லும்போது நம் முகம் மாறாமல் இருக்கும்.

முகம் மாறாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. பல வாரம் தயங்கித் தயங்கி ஒரு குழந்தை வாய் திறக்கிறது. "ச்சீ, இப்படியெல்லாமா நினைப்பே?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அடுத்து அது பேசுவதற்குப் பல வருடம் ஆகலாம். "சொன்னது நல்லதும்மா, உட்காரு" என்றால், அந்த நிமிடமே சிகிச்சையின் முதல் படி.

எனவே உங்கள் முன் மூன்று வேண்டுகோள்கள். இந்த வாரத்தில் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கிக் குரங்கு விளையாட்டை நடத்துங்கள். நினைப்பு, விருப்பம், செயல் மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி வையுங்கள். யாருக்கு அது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது. தேவைப்படும் குழந்தை யாரிடமும் கேட்காமலேயே அதைப் பார்த்துக்கொள்ளும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தனியாகக் கேட்க விரும்புவோருக்காக உணவு இடைவேளையிலும் இங்கேயே இருப்பேன்.